மாலிபுவைக் கெடுத்தது யாரு?

எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பெருசு உட்கார்ந்து, "அந்தக் காலத்துல இந்த ஊரு எப்படி இருந்துச்சு தெரியுமா?"ன்னு ஆரம்பிக்கும். ஆத்துல தண்ணி, டூரிங் டாக்கீஸ், ரெண்டணா காபி... இந்த லிஸ்ட் நமக்கு மனப்பாடம். இதே புலம்பலை ஒரு கடல் அலைக்காக அறுபது எழுபது வருஷமாப் பண்ணிட்டு இருக்கற ஒரு கூட்டம் இருக்கு மக்களே. ஊர் மாலிபு. கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலீஸுக்கு மேற்கே. சினிமாக்காரங்க வீடு கட்டி வாழற இடம்னுதான் நமக்குத் தெரியும். ஆனா அலைச்சறுக்குக்காரங்களுக்கு (நீட்டி முழக்காம சர்ஃபிங்னே வெச்சுக்குவோம்) அது காசி, ராமேஸ்வரம் மாதிரி.

முதல்ல அந்த அலைல அப்படி என்ன விசேஷம்னு பார்த்துடலாம். கலிபோர்னியாக் கரை பெரும்பாலும் மேற்கு பார்த்து இருக்கும். மாலிபு பக்கம் மட்டும் கரை வளைஞ்சு தெற்கு பார்த்து நிக்குது. நமக்கு வெயில் காலமா இருக்கும்போது பூமியின் தென்பாதியில் குளிர்காலம். நியூசிலாந்து பக்கம் பெரிய புயல் அடிச்சா அங்க கிளம்புற அலை ஆயிரக்கணக்கான மைல் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டி வந்து இந்தத் தெற்கு பார்த்த கரையில் மோதும். அங்க மாலிபு ஓடை காலங்காலமா உருட்டிக் கொண்டுவந்து கொட்டின கூழாங்கல் முனை ஒண்ணு இருக்கு. அதனால அலை மொத்தமா 'தொபுக்கடீர்'னு விழாம, ஒரு ஓரத்தில் உடைய ஆரம்பிச்சு, ஜிப் போடற மாதிரி வரிசையா உடைஞ்சுக்கிட்டே போகும். உடையற இடத்துக்கு ஒரு அடி முன்னாடியே பலகையை ஓட்டிட்டுப் போறதுதான் ஆட்டம். இந்த ஊரின் பூர்வகுடிகளான சூமாஷ் மக்கள் வெச்ச பேர் ஹுமாலிவோ. அலையோசை பலமாக் கேக்குற இடம்னு அர்த்தம் சொல்றாங்க. அதுதான் மருவி மாலிபு ஆச்சு.

இவ்வளவு நல்ல அலை, ஆனா ரொம்ப நாளைக்கு யாரும் கிட்டப் போக முடியலை. 1892-ல் ரிண்ட்ஜ்ங்கற பணக்காரர் அந்தக் கடற்கரைப் பண்ணை மொத்தத்தையும் வாங்கிட்டார். 1905-ல் அவர் போனப்புறம் அவர் மனைவி மே ரிண்ட்ஜ் வேலி போட்டு, குதிரையில் துப்பாக்கியோட காவலாளிங்களை நிறுத்தி, ரோடு போட வந்த அரசாங்கத்தோட வருஷக்கணக்கா கோர்ட் கோர்ட்டா அலைஞ்சாங்க. 1923-ல் சுப்ரீம் கோர்ட்டிலேயே தோத்துப் போனாங்க. 1929-ல் நெடுஞ்சாலை திறந்தாச்சு. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே, பூட்டின கேட்டைச் சட்டை பண்ணாம டாம் பிளேக், சாம் ரீட்னு ரெண்டு பேர் உள்ள பூந்து சர்ஃப் பண்ணிட்டாங்க. மாலிபுவில் முதல்ல பலகை போட்டது இவங்கதான்னு வரலாறு சொல்லுது. ஆக, மாலிபு சர்ஃபிங் சரித்திரமே ஒரு அத்துமீறல்லதான் ஆரம்பிக்குது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

அப்போதைய பலகையெல்லாம் கனமான கட்டை. எண்பது, நூறு பவுண்டு இருக்கும். தண்ணிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கே தனியாத் தெம்பு வேணும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் மாலிபுல ஒரு சின்ன கோஷ்டி இதை மாத்துச்சு. பாப் சிம்மன்ஸ், ஜோ குவிக், மேட் கிவ்லின். பால்சாங்கற லேசான மரம், மேல ஃபைபர்கிளாஸ், கீழ ஒரு துடுப்பு மாதிரி ஃபின். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1947-ல் நடந்தது. ஹாலிவுட் பெருந்தலை டாரில் ஸானக்கோட பொண்ணு டாரிலினுக்காக, ஒரு பொண்ணு தூக்கற மாதிரி லேசா ஒரு பலகை செஞ்சு கொடுத்தார் குவிக். செஞ்சப்புறம் பார்த்தா கூட இருந்த ஆம்பளைப் பசங்கதான் அதை மாத்தி மாத்திக் கடன் வாங்கி ஓட்டியிருக்காங்க! ஏன்னா அது நினைச்ச பக்கம் திரும்புச்சு. அதுவரைக்கும் பலகை போற போக்கில் மனுஷன் போனான். இப்ப மனுஷன் சொன்னபடி பலகை போச்சு. 1950 வாக்கில் 25, 30 பவுண்டு பலகைங்க வந்தாச்சு, பேரு 'மாலிபு சிப்'. 1956-ல் ஒலிம்பிக் சமயத்தில் அமெரிக்க லைஃப்கார்டுங்க சில பேர் இதை ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துட்டுப் போனாங்க. இன்னிக்கும் ஆஸ்திரேலியாவில் நீளப் பலகைக்கு 'மால்'னுதான் பேரு.

(நடுவுல ஒரு கொசுறு: பால்சாவுக்கு அப்புறம் 1958-ல் ஃபோம் பலகைகளைக் கொண்டுவந்த ஹோபி ஆல்டர்தான் பத்து வருஷம் கழிச்சு 'ஹோபி கேட்'ங்கற பாய்மரப் படகைக் கொண்டுவந்தார். அந்த 'கேட்' பூனை இல்லை, கட்டமரான். அதாவது நம்ம கட்டுமரம்! நம்மது மரங்களைச் சேர்த்துக் கட்டினது, அவங்களது ரெட்டை உடம்புப் படகு. பேரு மட்டும் நம்ம ஊர்லேர்ந்து போனது. காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :-))

சரி, 1950களின் மாலிபு. 'பொற்காலம்'னு பெருசுங்க சொல்றது இதைத்தான். கரையில் பனையோலைக் குடிசை. அதில் டெர்ரி ட்ரேசின்னு ஒருத்தர், பட்டப்பேரு 'ட்யூப்ஸ்டேக்', 1956 கோடையில் வேலை வெட்டி இல்லாமக் குடியேறிட்டார். தண்ணிக்குள்ள லான்ஸ் கார்சன், டூயி வெபர், மிக்கி முனோஸ், எல்லாருக்கும் மேல மிக்கி டோரா. கார்சன் பலகையின் மூக்கு நுனிக்கு நடந்து போய் சாவகாசமா நிப்பாராம். வெபர் பலகை மேல குடுகுடுன்னு முன்னும் பின்னும் ஓடுவார். டோராவோ எதுவுமே செய்யாத மாதிரி நிப்பார், ஆனா அலை அவர் சொன்னபடி கேக்கும். அதனாலதான் 'பூனை'ன்னு பேரு. பழைய ஃபிலிம்ல அவரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மத்தவங்க சறுக்குறாங்க, இவர் வாக்கிங் போறார்.

அந்த 1956 கோடையில்தான் கேத்தி கோனர் வர்றா. வயசு பதினஞ்சு. உயரம் அஞ்சடி. சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குப் பலகை கடன் வாங்கி ஓட்டக் கத்துக்கிட்டா. பசங்க விரட்டியும் போகலை. 'கேர்ள்', 'மிட்ஜெட்' ரெண்டையும் ஒட்டி 'கிட்ஜெட்'னு பேரு வெச்சாங்க. வீட்டுக்குப் போய் தினமும் அப்பாகிட்ட கடற்கரைக் கதை. அப்பா ஃப்ரெடரிக் கோனர், ஹிட்லர் வந்ததும் பெர்லினை விட்டு வந்த யூதர், சினிமா கதாசிரியர். பொண்ணு சொன்ன கதையை அப்படியே 1957-ல் நாவலாப் போட்டார். 1959-ல் சாண்ட்ரா டீ நடிச்சு சினிமா. அதுக்கப்புறம் பீச் படங்களா வந்து குவிஞ்சுது. 1965-ல் சாலி ஃபீல்டை வெச்சு டிவி தொடர் வேற.

அவ்வளவுதான். கடல் பார்க்காத ஊர்ப் பசங்ககூட பலகை வாங்கிட்டாங்க. ஒரு அலைக்கு ஒருத்தர்னு இருந்தது, ஒரு அலைக்குப் பத்து பேர்னு ஆச்சு. "எல்லாம் அந்தப் பொண்ணால வந்த வினை"ன்னு பெருசுங்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் முடிக்கலை.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன். அந்த சினிமாவுல நடிச்சது யாருங்கறீங்க? இதே பசங்கதான். 'கிட்ஜெட்' படத்தில் சாண்ட்ரா டீக்கு சர்ஃபிங் தெரியாது. அவங்களுக்குப் பதிலா பிகினியும் விக்கும் மாட்டிக்கிட்டு அலை ஓட்டினவர் மிக்கி முனோஸ்! கூட்டத்தை அதிகமாத் திட்டின டோராவே அந்தப் படத்துலயும் பின்னால வந்த பீச் படங்கள்லயும் ஸ்டன்ட் பண்ணிக் காசு வாங்கினவர். 1966-ல் கிரெக் நோல் கம்பெனியில் தன் பேரில் 'டா கேட்'னு பலகையும் வித்தார். கூட்டத்துக்குப் பலகையை வித்துட்டு, வாங்கினவன் தண்ணிக்குள்ள வந்தா தள்ளிவிடறது என்ன நியாயம் சார்? 1967-ல் மாலிபு போட்டியில் அலை ஓட்டிக்கிட்டே அரை டிராயரைக் கழட்டி நடுவர்களுக்குப் பின்புறம் காட்டிட்டுப் போனார். ரசிகர்கள் இதைப் பெரிய புரட்சியாச் சொல்வாங்க. எனக்கு சிரிப்புதான் வருது, ஆனா கொஞ்சம் பாவமாவும் இருக்கு. கெட்டுப்போச்சுன்னு கத்திக்கிட்டே கடைசி வரை அங்கேயே நின்ன ஆள். அப்புறம் ஊரை விட்டே போய் நாடு நாடாச் சுத்தி, செக் மோசடி கேஸில் ஜெயிலுக்கும் போய், 2002 ஜனவரியில் கலிபோர்னியாவில் தன் அப்பா வீட்டில் புற்றுநோயில் செத்துப் போனார். சர்ஃபிங்கில் அவர் அளவுக்கு அழகு யாருக்கும் வரலைன்னு எதிரிகளும் ஒத்துக்கறாங்க. மனுஷனா எப்படின்னு கேட்டா, அவர்கிட்ட இருந்த இனவெறியைப் பத்தி அவர் கதையை எழுதினவங்களே எழுதியிருக்காங்க. ரெண்டும் ஒரே ஆள்தான்.

பொற்காலம் முடிஞ்சதுக்கும் கேத்தி காரணமில்லை. 1967-68-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து குட்டைப் பலகை வந்தது. ஒம்பதரை அடிப் பலகை ரெண்டு மூணு வருஷத்துல ஏழடிக்கு வந்துடுச்சு. மூக்கு நுனியில் நடந்த கலைஞர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் கிழவர்கள் ஆனாங்க. முப்பது வயசுகூட ஆகாத கிழவர்கள்! லான்ஸ் கார்சன் மட்டும் புலம்பலோட நிக்காம உருப்படியா ஒண்ணு செஞ்சார். மாலிபு ஓடை வழியா வர்ற அழுக்குத் தண்ணிக்கு எதிராக் கிளம்பி, 1984-ல் சர்ஃப்ரைடர் ஃபவுண்டேஷனை ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். 2010-ல் உலகின் முதல் சர்ஃபிங் பாதுகாப்புப் பகதியா மாலிபுவை அறிவிச்சாங்க.

இப்ப, பெருசுங்க கதையில் பல காலம் சரியா வராத ஒருத்தர். நிக் கபால்டோன். அப்பா மெக்சிகோ வழி, அம்மா கறுப்பினம். 1927-ல் பிறந்தவர். சான்டா மோனிகாவில் பே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு துண்டு கடற்கரையில்தான் கறுப்பு ஜனங்க தொல்லையில்லாமக் குளிக்கலாம். வெள்ளைக்காரங்க அதுக்கு வெச்ச பேரு 'இங்க்வெல்', அதாவது மைக்கூடு. போர்டு எதுவும் மாட்டலை. ஆனா எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர்ல டீக்கடை ரெட்டைக் கிளாஸ் பார்த்தவங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்க லைஃப்கார்டு பலகையைக் கடன் வாங்கித் தானாவே சர்ஃபிங் கத்துக்கிட்டார் நிக். போர்க்காலத்தில் கடற்படையில் வேலை பார்த்துட்டு வந்து காலேஜில் சேர்ந்தார். நல்ல அலை இருக்கறது மாலிபுல. என்ன பண்றது? பலகையில் குப்புறப் படுத்து, கையாலேயே துழாவிக்கிட்டு, கடல் வழியாவே மாலிபுவுக்குப் போனார். பன்னெண்டு மைல்! ரோட்டைத் தொடாம. போய்ச் சேர்ந்தப்புறம்தான் சர்ஃபிங்கே.

மாலிபு பசங்க அவரை சேர்த்துக்கிட்டாங்க, நல்லா ஓட்டறவர்னு மதிச்சாங்க, அதையும் சொல்லணும். தண்ணிக்குள்ள திறமை பேசுச்சு. ஆனா கரையோரமா ஜம்முனு கார்ல வந்தவங்களோட "அந்தக் காலத்துல கடல் காலியாக் கிடந்துச்சு"ங்கற பெருமூச்சில் ஒரு கணக்கு விட்டுப்போகுது. காலியாக் கிடந்ததுக்கு ஒரு காரணம், வர விடாம வெச்சிருந்தவங்களும்தான். ஒருத்தர் பன்னெண்டு மைல் துழாவி வந்தார். வராமலே போனவங்க எத்தனை பேரோ?

1951 ஜூன் மாசம், பெரிய அலை வந்த ஒரு நாள். அலையில் ஏறி மாலிபு பியரோட தூண்களுக்கு நடுவில் பூந்து வெளிய வர்றது அங்க ஒரு வீர விளையாட்டு. நிக் அதுக்குப் போய் தூணில் மோதிட்டார். பலகை கரைக்கு வந்துச்சு. உடம்பு சில நாள் கழிச்சுத்தான் ஒதுங்குச்சு. வயசு இருபத்து நாலு. சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி காலேஜ் பத்திரிகையில் அவர் எழுதின ஒரு கவிதை வந்திருந்தது. கடல் விழுங்கின உயிர்களைப் பத்தி.

2008-ல் சான்டா மோனிகா நகராட்சி பே ஸ்ட்ரீட் கடற்கரையில் ஒரு நினைவுப் பலகை வெச்சுது. அதில் இங்க்வெல் பேரும் நிக் பேரும் இருக்கு. 2013-லேர்ந்து ஜூன் மாசத்தில் நிக் கபால்டோன் நாள்னு ஒண்ணு கொண்டாட ஆரம்பிச்சு, அந்தப் பக்கத்துக் கறுப்பு, மெக்சிகப் பிள்ளைங்களுக்கு இலவசமா சர்ஃபிங் சொல்லிக் குடுக்கறாங்க. முதல் முறையா பலகை மேல நிக்கற பசங்கதான் அதில் நிறைய.