மார்சேய் துறைமுகமும் நம்ம ஊர் டீக்கடையும்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

2020 ஏப்ரலில் ஒரு நாள் காலை பால் வாங்கப் போனேன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர், பூட்டிக் கிடந்த தன் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குள்ள இருப்பா. உயிர் முக்கியம்" என்றேன்.

"சார், நோய் வந்தா பொழைச்சாலும் பொழைப்பேன். கடை இப்படியே கிடந்தா வாடகைக்கு எங்க போவேன்? நீங்க வரலாறு சொல்லிக் கொடுத்தவருதானே, முன்னாடி இந்த மாதிரி வந்தப்போ என்ன பண்ணாங்க?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த மாதமும் என் பென்ஷன் தவறாமல் வங்கியில் வந்து விழுந்தது. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கேள்விக்காகத் தேடிப் படித்ததில் என்னை மிகவும் பாதித்தது, பிரான்சு நாட்டின் மார்சேய் துறைமுகத்தின் கதை. நடந்தது 1720இல்.

அந்த ஆண்டு மே 25 அன்று 'கிராண்ட் சேன்ட் அந்துவான்' என்ற சரக்குக் கப்பல் கிழக்கு மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலிருந்து மார்சேய்க்கு வந்தது. உள்ளே பட்டும் பருத்தியும். மதிப்பு சுமார் ஒரு லட்சம் 'எக்கூ' வெள்ளிக்காசு. வழியிலேயே பயணி ஒருவர், மாலுமிகள், கப்பல் மருத்துவர் என்று பலர் இறந்திருந்தார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் கப்பலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியிருந்தது.

மார்சேயில் விதிகள் இல்லாமல் இல்லை. சந்தேகத்துக்குரிய கப்பலை நகருக்கு வெளியே ஜார் என்ற தீவில் நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் ஜூலையில் போக்கேர் என்ற ஊரில் பெரிய வணிகச் சந்தை கூடும். சரக்கு அதற்குப் போய்ச் சேர வேண்டும். நகரை நிர்வகித்தவர்களில் ஒருவரான எஸ்தெல் என்பவருக்கே அந்தச் சரக்கில் பங்கு இருந்தது. விதி தளர்ந்தது. விலையுயர்ந்த பொதிகள் நகரை ஒட்டிய தனிமைப்படுத்தும் கிடங்கில் இறக்கப்பட்டன. ஜூன் நடுவில் பயணிகளையும் ஊருக்குள் விட்டுவிட்டார்கள்.

பிளேக் நோயைத் தெள்ளுப்பூச்சி பரப்புகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஜூன் 20 அன்று நகருக்குள் முதல் சாவு. பொதி தூக்கிய கூலிகளும் இறந்தார்கள். ஜூலை 9 அன்று பெய்சொனல் என்ற மருத்துவரும் அவருடைய மகனும் நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு, 'இது பிளேக்தான்' என்று நிர்வாகத்திடம் சொன்னார்கள். வெளியே தெரிந்தால் துறைமுகத்தின் வியாபாரம் படுத்துவிடுமே! 'ஏதோ விஷக்காய்ச்சல்' என்று சொல்லி நாட்களைக் கடத்தினார்கள்.

ஜூலை 31 அன்று மாகாண உயர் நீதிமன்றமே மார்சேயுடன் யாரும் தொடர்பு வைக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று உத்தரவிட்டது. எந்த வியாபாரத்தைக் காப்பாற்ற நோயை மறைத்தார்களோ, அந்த வியாபாரம் இரண்டு ஆண்டுக்கு மேல் முடங்கியது. சுமார் 90,000 பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். கப்பலை அரசே கொளுத்தியது. கப்பல் தலைவர் ஷத்தோ சிறைக்குப் போனார்.

'அப்படியானால் உடனே எல்லாவற்றையும் மூடுவதுதான் சரி' என்று இங்கேயே நிறுத்திவிடலாம். வகுப்பறையில் நானும் அப்படித்தான் முடித்திருப்பேன். ஆனால் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது.

நகரை மூடியதும் உள்ளே பசி வந்தது. வேலை இல்லை, கூலி இல்லை, ரொட்டிக்குக் கோதுமை இல்லை. நகரின் கஜானாவும் காலி. அதனால் ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நகருக்கு வெளியே இரண்டு தடுப்புகள் கட்டி, அந்தப் பக்கம் விற்பவர், இந்தப் பக்கம் வாங்குபவர், நடுவில் காவலர் என்று சந்தை நடத்தினார்கள். மூடியவர்களே சோற்றுக்கு ஒரு வழி திறக்க வேண்டியிருந்தது.

1721இல் பக்கத்துப் பகுதியில் 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் சுவரே எழுப்பிக் காவல் போட்டார்கள். அப்படியும் அவிஞோன் நகருக்குள் நோய் புகுந்தது. ஆனால் பாரிசுக்குப் போகவில்லை. அடைப்புக்கு அதில் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, அடைப்பு வீணும் இல்லை, முழுக் கவசமும் இல்லை.

அந்த வணிகர்களை வெறும் பேராசைக்காரர்கள் என்று திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. சந்தேகம் வந்த கப்பலையெல்லாம் மாதக்கணக்கில் நிறுத்தினால், முதலில் பட்டினி கிடப்பவன் மூட்டை தூக்குகிறவன்தான். அவர்கள் செய்த தவறு வியாபாரத்தை நினைத்தது அல்ல. லாபம் தங்களுக்கு, ஆபத்து ஊருக்கு என்று வைத்துக்கொண்டு, முடிவையும் தாங்களே எடுத்ததுதான்.

இப்போது 2020க்கு வருகிறேன். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் ஊரடங்கு. நடுவில் நான்கு மணி நேரம். புதிய நோய், மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. மூடியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில், நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் சுமந்து நடந்தவர்களின் சோற்றுக்கு யார் வழி யோசித்தார்கள்? ரேஷன் கடையில் 1,000 ரூபாய் உதவி கொடுத்தார்கள். அது டீக்கடை வாடகைக்குக் காணுமா?

உயிரா, பிழைப்பா என்று தராசில் வைத்துக் கேட்கிறோம். தராசைப் பிடித்திருப்பவருக்கு மாதச் சம்பளம் வருகிறதா என்பதையும் கேட்க வேண்டும் என்று மார்சேய் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அன்று தட்டில் எதுவும் வைக்காமல் புத்தி சொன்னவர்களில் நானும் ஒருவன்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். தள்ளிப்போட்டவர்கள் உயிரையும் இழந்தார்கள், வியாபாரத்தையும் இழந்தார்கள். அதனால் சீக்கிரம் மூடத்தான் வேண்டும். மூடச் சொன்னவர்கள், மூடியவனின் வாடகையில் பங்கு எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

அந்தக் கடை பிறகு திறக்கவே இல்லை. அவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். இந்தப் பதிவைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டில் அந்த நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார்