ஓ.எம்.ஆர். சாலையும் ஒரு கணக்கெடுப்பும்

போன ஞாயிறு எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். ஓ.எம்.ஆரைக் கடக்க முடியவில்லை, சிக்னல் வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறார்கள். மனுவோடு ஒரு போக்குவரத்துக் கணக்கையும் இணைத்தால் எடுபடும் என்று யாரோ சொல்ல, செயலாளர் என்னைக் கை காட்டிவிட்டார். "சார் ஹைவேஸ்ல இருந்தவரு. அவரே ஒரு பிளான் போட்டுத் தரட்டும்." நான் ஹைவேஸில் இருந்தவன் இல்லை. சாலை ஆய்வு செய்துகொடுக்கும் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தின் சர்வே பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன். எத்தனை முறை சொன்னாலும் சங்கத்தில் நான் ஹைவேஸ் சார்தான்.

சரி என்று வீட்டுக்கு வந்து பழைய கணக்கெடுப்புப் படிவத்தை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். வரைந்து முடித்ததும் மனசு சங்கடப்பட்டது. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் சாலையின் கதையையும், வண்டிகளை எண்ணுவதன் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஓ.எம்.ஆர். என்பது பழைய மகாபலிபுரம் சாலை. கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நடுவில் கிடைத்த நிலத்தில் ஊரும் சாலையும். 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில், நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. ஒரே சாலையில் இரண்டு கூட்டம் வந்து சேர்ந்தது: காரிலும் கம்பெனி பஸ்ஸிலும் வருபவர்கள், நடந்து வருபவர்கள். அந்தக் கம்பெனிகளின் தரையைத் துடைத்ததும் கட்டடங்களுக்குச் சித்தாள் வேலை பார்த்ததும் பெரும்பாலும் இரண்டாவது கூட்டம்தான். 2008இல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் ஆறு வழிச் சாலையாகி, ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் மாறியது. பெயர் மட்டும் யார் வாயிலும் மாறவில்லை.

இனி எண்ணும் கதை. 1933-34 வாக்கில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்பவர் சாலையோரத்தில் ஒரு 16 எம்.எம். சினிமா கேமராவை வைத்து, வண்டிகள் போவதைப் படமெடுத்து, நெரிசல் கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். போக்குவரத்துப் பொறியியல் படிப்பவர்களுக்கு இன்றும் முதல் பாடம் அவர்தான். அதே 1934இன் டிசம்பரில்தான் நம் நாட்டில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தொடங்கியது. (கட்சி அல்ல! சாலைப் பொறியாளர்களின் அமைப்பு. இன்றும் நம் சாலைகளுக்கு விதிநூல் போடுவது அதுதான்.)

அமெரிக்கச் சாலையில் ஓடியவை பெரும்பாலும் கார்கள். நம் சாலையில் எல்லாமே உண்டு. அதனால் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று ஒரு கணக்கு. பாசஞ்சர் கார் யூனிட், சுருக்கமாக பி.சி.யு. ஊர்ப்புறச் சாலைகளுக்கான 1990 விதிநூலில் கார் 1, ஸ்கூட்டர் அரை, பஸ்சும் லாரியும் 3, மாட்டு வண்டி 8. ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம் என்று படித்த அன்று ஆபீசில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் நியாயமான கணக்குதான், அது அடைத்துக்கொள்ளும் சாலையை வைத்துச் சொல்வது. அந்த அட்டவணையில் நடந்து போகும் மனிதனுக்கு எண்ணே கிடையாது. அவன் சாலையை அடைப்பதில்லையே.

மனிதர்களுக்கு விதியே இல்லை என்று சொல்லக் கூடாது. பாதசாரிகளுக்கென்றே 1988இல் தனி விதிநூல் வந்தது. கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத் தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால், தடுப்பு உள்ள சாலையில் 20 கோடியைத் தாண்டினால், கடக்க வழி செய்து தர வேண்டும். பயமுறுத்தும் எண்தான், ஆனால் போட்டுப் பார்த்தால் சுலபம். தடுப்புள்ள சாலையில் மணிக்கு 2,000 வண்டி போனால் 50 பேர் கடந்தாலே 20 கோடி வந்துவிடும். ஓ.எம்.ஆரில் 2,000 எல்லாம் எந்த மூலைக்கு?

டைடல் பூங்கா வந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். துரைப்பாக்கம் பக்கத்தில் வரவிருந்த ஒரு தனியார் வளாகத்தின் வாசலை எங்கே வைப்பது என்று பார்க்க எங்களை அமர்த்தினார்கள். படிவம் தயாரித்தது நான். மணிக்கு ஒரு தாள், கால் மணிக்கு ஒரு வரிசை. கார், ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், லாரி, சைக்கிள் என்று கட்டங்கள். மீன்பாடி வண்டியை எதில் போடுவது என்று அரை மணி நேரம் விவாதித்தோம். தண்ணீர் லாரிக்குத் தனிக் கட்டமே போட்டேன். இந்தச் சாலையில் தண்ணீர் லாரிகளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது.

எண்ணுவதற்குக் கல்லூரிப் பையன்கள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. முதல் நாள் காலை ஒரு பையன் வந்து கேட்டான்: "சார், ரோட்டக் கிராஸ் பண்றவங்கள எதுல போடறது?"

"அது நமக்கு வேண்டாம்பா. வண்டிய மட்டும் பாரு" என்றேன். கொடுத்த காசுக்கு வண்டிதான் கேட்டிருந்தார்கள்.

சாயங்காலம் தாள்களை வாங்கிப் பார்த்தால், அந்தப் பையன் ஓரத்தில் பென்சிலால் தனியாகக் கோடு போட்டு வைத்திருந்தான். காலை ஒரு மணி நேரத் தாளில் மட்டும் பத்துக் கட்டுக்கு மேல். டைப்புக்குக் கொடுக்கும் முன் ரப்பரை எடுத்து நானே அழித்தேன். தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் கண்டிப்பு. அப்போது அங்கே நடுத் தடுப்பு கிடையாது. வண்டி மணிக்கு 1,500 என்று வைத்தாலும் அந்த ஐம்பது பேருக்கு விடை பதினோரு கோடியைத் தாண்டும். விதிநூல் என் மேசையிலேயே இருந்தது. பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

வளாகம் வந்தது, வாசலும் நாங்கள் சொன்ன இடத்தில்தான் வந்தது. சாலையை அகலமாக்கியபோது நடுவில் தடுப்பு வந்தது. இன்று போய் எண்ணினால் அந்த இடத்தில் கடப்பவர்கள் பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை கோடியால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கடக்கிறவர்கள் இல்லை, அதனால் வழி தேவையில்லை என்று காகிதம் சொல்லும். எங்கள் தெருவில் இருந்து எதிர்ப்புற மருந்துக்கடைக்கு நானும் மனைவியும் இப்போது ஆட்டோவில் போகிறோம். யு-டர்ன் வரை போய்த் திரும்பி வர வேண்டும். எந்தக் கணக்கெடுப்பிலும் நாங்கள் ஆட்டோ என்றுதான் விழுவோம்.

ஆகவே இந்த முறை படிவத்தை வேறு மாதிரி போட்டிருக்கிறேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தடுத்து வைத்திருப்பதால் இப்போதைய வண்டிக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். வேறு பாதை தெரிந்தவர்கள் அதில் போய்விடுகிறார்கள். அதை ஒரே ஒரு ஆள் வீடியோவில் பிடித்தால் போதும். மற்றவர்கள் எல்லாம் மனிதர்களை எண்ண வேண்டும். கடப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது. ஓரத்தில் வந்து நின்று, பார்த்து, திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு கட்டம். எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று ஒரு கட்டம். பஸ் நிறுத்தத்தில் இறங்குபவர்களிடம் "எங்க போகணும், எப்படிப் போவீங்க?" என்று இரண்டே கேள்வி. எதிர்ப்புறம் போக ஆட்டோ பிடிக்கிறவர்கள் அதில் தெரிந்துவிடுவார்கள். கண்ணகி நகர்ப் பக்கமும் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்றேன். சங்கத்தில் ஒருவர், "அது நம்ம ஏரியா இல்லையே சார்" என்றார். சாலை ஒன்றுதானே என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

நாளும் பார்த்தாயிற்று. முகூர்த்த நாள் கூடாது. திருப்போரூர் கோவிலுக்குக் கூட்டம் போகும் கிருத்திகை கூடாது. சனிக்கிழமை ஐ.டி. கம்பெனிகள் லீவு, ஆனால் கடைகளுக்குக் கூட்டம் வரும், அதனால் வார நாள் ஒன்று, சனி ஒன்று என்று இரண்டு நாள்.

முதல் நாள் வருகிற புதன்கிழமை, காலை 7 மணிக்கு. டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சு தருவதாகச் சொல்லியிருக்கிறார். குடை, தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா அவரவர் கொண்டுவர வேண்டும். பென்சில் வேண்டாம்.