பனம்பாத்தியிலிருந்து பிளா வரை

ஆவணி, புரட்டாதி மாதங்களில் யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் பனங்கூடல்களுக்குள் இரவெல்லாம் பழம் விழும். விடியற்காலையில் கடகத்தோடு போகிறவர்களுக்கு எந்தப் பனையின் பழம் இனிக்கும், எது கைக்கும் என்பது மனப்பாடம். இனிப்பானதைச் சுட்டுச் சாப்பிடுவார்கள். மற்றவற்றைப் பிசைந்து எடுக்கும் களி பனங்காய்ப் பணியாரமாகும். பாயில் பரவிக் காயவைத்தால் பனாட்டாகும். அதோடு பழம் முடிந்துவிடுகிறது. தும்பு சடைத்த கொட்டைகள் வேலியோரம் குவிந்து கிடக்கும். ஒரு பழத்துக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று. இந்தக் கட்டுரை அந்தக் கொட்டையைப் பற்றியது. அது ஒடியலாகி, மாவாகி, கடைசியில் நண்டோடும் மீனோடும் கூழ்ப்பானைக்குள் போய்ச் சேரும் வரையான அதன் வாழ்க்கையைப் பற்றியது.

மாரி தொடங்குமுன் கொட்டைகள் பாத்திக்குப் போகவேண்டும். இளகிய மணலைக் கூட்டி உயர்த்தி, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மண் மூடிவிடுவார்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. உவர்க் கிணறுகள் மிகுந்த, குடிநீருக்கே அலைந்த ஓர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பயிரை நான் அறியேன். இங்கே நெல் ஒரு போகம்தான். மொட்டைக்கறுப்பன் விளைந்தால் உண்டு, மழை பிழைத்தால் அதுவும் இல்லை. பனையோ மழை பிழைத்த ஆண்டிலும் பழம் போடும்.

பாத்திக்குள் நடப்பது விந்தையானது. பனங்கொட்டை முளைக்கும்போது முளையை மேலே அனுப்புவதில்லை. தன் கருவையே ஒரு குழாய்போன்ற தண்டுக்குள் வைத்து மண்ணுக்குள் கீழே இறக்கிவிடுகிறது. கொட்டைக்குள் இருந்த உணவெல்லாம் அந்த வழியே இறங்கி, கீழே நீண்ட கிழங்காகத் திரள்கிறது. உறைப்பான வெயிலில் முளைவிடவேண்டிய மரம், தன் குழந்தையை நிலத்தின் ஈரத்துக்குள் புதைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு இது. கொட்டைக்குள் மிஞ்சியிருக்கும் பஞ்சுபோன்ற இனிப்பான பூரானைச் சிறுவர்கள் பிளந்து தின்பார்கள். வெறும் ஓடு ஊமலாகும்; அடுப்புக்குப் போகும். ஒன்றும் வீணில்லை.

தை பிறந்ததும் பாத்தியைக் கிண்டுவார்கள். பிந்தினால் குருத்து விரிந்து கிழங்கு நார்ப்பட்டுவிடும். ஈழத்துச் சிதம்பரம் என்று நாங்கள் சொல்லும் சிவன் கோயிலில் மார்கழித் திருவெம்பாவைத் திருவிழா முடிந்து, பொங்கலும் முடிந்த நாட்கள் அவை. மண்வெட்டியால் பாத்தியின் ஓரத்தைச் சரித்து, மண்ணை உதிர்த்து, கிழங்குகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுக்கும் வேலையை எங்கள் ஊரில் பெண்கள்தான் கூடுதலாகச் செய்தார்கள். முதுகு முறியும் வேலை. பனையை நம்பி வாழ்ந்த மக்களுக்கு, ஏறியவர்களுக்கும் கிண்டியவர்களுக்கும், ஊர் கொடுத்த மதிப்போ மிகக் குறைவு. பனையைக் கற்பகத்தரு என்று பாடிய அதே வாய்தான் பனையில் ஏறியவரை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னது. கூழின் பெருமையை எழுதுகிற எவரும் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பது என் எண்ணம்.

கிழங்கின் வழி இங்கே இரண்டாகப் பிரியும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னலாம், இடித்தும் தின்னலாம். அவிக்காமல் பச்சையாகத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, மாசி, பங்குனி வெயிலில் காயப்போட்டால் அது ஒடியல். கல்லுப்போல் இறுகி, முறித்தால் ‘டக்’கென்று சத்தம் வரும்வரை காயவேண்டும். அப்படிக் காய்ந்த ஒடியல் சாக்குக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். தேவைப்படும்போது உரலில் இடித்து அரிதட்டில் அரித்தால் மா.

அந்த மாவை அப்படியே சமைத்தால் கைக்கும். தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் நல்ல நீர் விடவேண்டும். எத்தனை தடவை என்பது மாவைப் பொறுத்தது. நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பொதியின் பின்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க முடியாத அறிவு இது. “பிள்ளை, இன்னும் ஒருக்கா வடி” என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு பெத்தாச்சி வேண்டும்.

இனிக் கடலின் பங்கு. காரைநகரின் ஒரு பக்கம் ஆழம் குறைந்த பரவைக்கடல், மறுபக்கம் பாக்குநீரிணை. 1916இல் கட்டிய கோவளம் வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால் அந்தக் கடல் எவ்வளவு அகலமாகத் திறந்து கிடக்கிறது என்று தெரியும். கூழுக்கு ஒரே வகை மீன் போதாது. முள் குறைந்த சதைமீன், சாறு இறங்கும் தலைமீன், நண்டு, இறால், கணவாய் என்று பல சாதியும் சேரவேண்டும். விலைபோகாமல் கடகத்தின் அடியில் கிடந்த கலவை மீன்தான் ஆதியில் கூழுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய மீனை விற்றுவிட்டு, மிஞ்சியதைப் பானையில் போட்டு எல்லோரும் குடித்த உணவு இது.

பானையில் முதலில் தண்ணீர் கொதிக்கும். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு போகும். அவை அவிந்து வரும்போது மீனும் நண்டும். பிறகு செத்தல் மிளகாயும் மஞ்சளும் சேர்த்து அரைத்த கூட்டு, பழப்புளிக் கரைசல். எல்லாம் கூடிக் கொதித்து முடிந்த பிறகே வடித்து வைத்த ஒடியல் மா கரைத்து ஊற்றப்படும். அந்த நேரத்தில் அகப்பை நிற்கக்கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும், கட்டிபடும். கொஞ்சம் தடித்து, மீன்வாசமும் பனையின் மண்வாசமும் ஒன்றாக மேலே வரும்போது முருங்கையிலையைத் தூவி இறக்குவார்கள். பனையோலைக் குருத்தை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றி, சூட்டோடு உறிஞ்சிக் குடிப்பது. நண்டுக்கால் கையில் வரும், பலாக்கொட்டை வாயில் வரும், உறைப்பில் மூக்கால் நீர் வரும். இரண்டு பேருக்காக யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. அயலட்டைக்குச் சொல்லிவிட்டுத்தான் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். சைவ வீடுகளில் விரத நாட்களில் மீன் இல்லாத கூழும் உண்டு. அதற்கும் நல்ல உருசி உண்டு.

காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை என்று எங்கள் ஊரைப்பற்றி ஒரு பேச்சு உண்டு. ஊருக்குக் காரைதீவு என்று பெயர் இருந்த காலத்துச் சொல் அது. தென்னிலங்கைப் பட்டினங்களில் கடை வைத்தவர்களின் பயணப்பெட்டிக்குள் ஒடியலும் போயிற்று. கடலுக்கு அப்பாலும் போயிற்று. குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனவர். அந்த நாட்டு மக்களின் உதவியோடு அவர் தொடங்கிய சீநோர் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் வேரூன்றி, படகு கட்டியது, வலை பின்னியது. நோர்வேயில் தமிழர் குடியேறிய கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. பனி கொட்டும் ஊர்களில் இன்று யாரோ ஒருவர் ஒடியல் மாவை வடித்துக்கொண்டிருந்தால், அதற்கு எங்கள் கடற்கரைப் படகுத்துறையும் ஒரு காரணம்.

போர் இந்தப் பயணத்தை நடுவில் அறுத்தது. 1991இல் காரைநகர் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். பொறுக்க ஆளில்லாமல் பழங்கள் விழுந்த இடத்திலேயே முளைத்தன. குடாநாடெங்கும் ஆயிரமாயிரம் பனைகள் காவலரண்களுக்காகத் தறிபட்டன. பனை காய்க்கத் தொடங்கவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். அதிலும் பெண்பனைதான் காய்க்கும். ஒரு நாளில் தறித்ததை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டும். அதே ஆண்டுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், மாவும் சீனியும் கிடைக்காதபோது, இடம்பெயர்ந்த குடும்பங்களின் வயிற்றை நிரப்பியதில் ஒடியலுக்கும் பங்கு உண்டு. அந்த நாட்களில் ஒடியற்பிட்டு சாப்பிட்டுச் சலித்தவர்கள் சிலர் இன்றும் அதைத் தொடுவதில்லை. அவர்களை நான் வற்புறுத்தமாட்டேன்.

இப்போது ஒடியலுக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பிறகு, எங்கள் கசூரினா கடற்கரையில் வெளிநாட்டு முகங்கள் கூடின. 2016இல் வியட்நாமின் ஹனோயில் சிறிய பிளாஸ்ரிக் முக்காலியில் அமர்ந்து ஒபாமாவோடு நூடில்ஸும் சுட்ட இறைச்சியும் சாப்பிட்ட தொலைக்காட்சி உணவுப் பயணி அந்தனி போர்டெய்ன், 2017இல் ஒளிபரப்பான தன் நிகழ்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து ரயிலேறி யாழ்ப்பாணம் வந்தார். அவரைப் போன்றவர்கள் காட்டிய வழியில் ஒரு புதுவகைப் பயணி உருவாகியிருக்கிறார். கோயிலும் கோட்டையும் அவருக்குப் போதாது. உள்ளூர்க்காரர் உண்பதைத் துணிந்து உண்ண விரும்புகிறார். சைகோனில் இவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிச் சந்து சந்தாகக் கொண்டுபோய், நத்தையும், கரு வளர்ந்த வாத்து முட்டையும் ஊட்டி, எப்படி உடைப்பது, எந்த இலையோடு சேர்த்துத் தின்பது என்று சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

வியட்நாமில் பனையும் உண்டு. மீகொங் சமவெளியின் மேற்கே, கம்போடிய எல்லையோரம், ஆன் ஜியாங் பகுதியில் வயல் வரம்புகளில் நிற்பது நாங்கள் அறிந்த அதே பனைதான். அங்கே பழத்தின் மஞ்சட்களியை அரிசிமாவோடும் பனஞ்சர்க்கரையோடும் சேர்த்து ஆவியில் அவித்து, பஞ்சுபோன்ற பணியாரமாகத் தெருவில் விற்கிறார்கள். நுங்கு வெட்டி, பதநீர் ஊற்றிக் கொடுக்கும் கடைகளும் அங்கே உண்டு. வருகிறவர் பனையைப் பார்க்கிறார், சர்க்கரை காய்ச்சும் அடுப்பைப் பார்க்கிறார், பணியாரத்தைத் தின்கிறார். மரமும் பண்டமும் அவருக்கு ஒரே நினைவாகப் பதிகின்றன.

எங்களிடம் அது நடப்பதில்லை என்பதுதான் என் குறை. யாழ்ப்பாண விடுதிகளில் கூழ் இப்போது பீங்கான் கோப்பையில், சூப்புப் பட்டியலில் வருகிறது. வந்தவர் அதில் மிதக்கும் நண்டைப் பார்த்துப் படம் எடுக்கிறார். கூழைக் கூழாக்குவது நண்டு என்றே அவர் நினைத்துப் போகிறார். ஒடியலின் அளவைக் குறைத்து அரிசிமாவைக் கூட்டும் சமையலும் அங்கங்கே நடக்கிறது. புதியவர் நாக்கு கைப்பைத் தாங்காதாம். நத்தையையும் வாத்துக் கருவையும் தேடித் தின்கிற மனிதருக்கு எங்கள் பனையின் மெல்லிய கைப்பைக் கொடுக்க நாங்கள் ஏன் தயங்குகிறோம்? கூழில் துணிவு வேண்டியது அந்த இடத்தில்தான். நண்டு உலகம் முழுக்க உண்டு.

அதனால் தீவுப்பகுதிக்கு உணவுச் சுற்றுலா நடத்த நினைக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது, சட்டியை விட்டுப் பாத்தியில் தொடங்குங்கள் என்பதே. தை, மாசியில் வருகிறவரைப் பொன்னாலைப் பாலம் கடந்ததும் நேரே ஒரு பனம்பாத்திக்குக் கூட்டிப் போங்கள். அவர் கையாலேயே ஒரு கிழங்கை இழுத்தெடுக்கட்டும். பூரானைப் பிளந்து தின்னட்டும். பங்குனியில் வந்தால் ஒடியல் காயும் முற்றத்தைக் காட்டலாம், ஆவணியில் வந்தால் பழம் பொறுக்கலாம். மாவை வடிக்கும் ஆச்சியின் பக்கத்தில் அவரை இருத்தி, முதல் நீரின் கைப்பையும் கடைசி நீரையும் நாக்கில் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். பின்னேரம் பானை ஏறும்போது அகப்பையை அவரிடமும் ஒருமுறை கொடுக்கலாம்.

கூலி விஷயமும் சொல்லவேண்டும். கூழுக்கு விடுதி வாங்கும் பணத்தில் பாத்தி கிண்டிய பெண்ணுக்குப் போய்ச்சேருவது எவ்வளவு என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வருகிறவர் பாத்தியடிக்கே வந்தால் கிழங்குக்காரியிடம் நேரடியாகக் காசு கொடுப்பார். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கற்பகம் கடையில் ஒடியல் மா பொதியாகக் கிடைக்கிறது, அது நல்ல வேலை. ஆனால் பாத்தி போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். கொட்டைகள் வேலியோரம் கிடந்தே உக்கிப்போகின்றன. கடலிலும் நிலைமை நல்லதல்ல. இழுவைமடிப் படகுகள் அடியை வாரிக்கொண்டு போகின்றன. 2017இல் இலங்கை அந்தத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பிறகும் எல்லை தாண்டி வரும் படகுகள் நிற்கவில்லை. பிடிபடும் நல்ல நண்டு பதனிடும் ஆலை வழியாக ஏற்றுமதிக்குப் போகிறது. மலிவான மீனும் எறிந்த கொட்டையும் கூடிப் பிறந்த கூழ், இப்போது ஊரிலேயே விலை கூடிய சாப்பாடாகிவிட்டது.

இந்தப் புரட்டாதியில் உங்கள் வளவில் பனங்கொட்டை குவிந்து கிடந்தால் ஒரு சின்னப் பாத்தியாவது போடுங்கள். நீளமும் அகலமும் ஒரு பாயளவு போதும். மழைக்கு முன் மண்மூடி விடுங்கள். தையில் பிள்ளைகளையும் கூட்டிவைத்துக் கிண்டுங்கள். அரைவாசியை அவியுங்கள், அரைவாசியைப் பச்சையாகக் கிழித்துக் காயப்போடுங்கள். மா வடிப்பது எப்படி என்று தெரியாவிட்டால் ஒழுங்கையில் மூத்த ஆச்சி ஒருவரைப் போய்க் கேளுங்கள். அவர் சொல்லித்தர ஆயத்தமாகத்தான் இருக்கிறார்.