இசைக்கலைஞர் ஒளிப்படங்களும் பதிப்புரிமையும் (இலங்கை)

இணையக் கலைக்களஞ்சியத்தில் பாடகரின் படத்தை இடும்போது முதலில் கேட்க வேண்டியது, அதை எடுத்தவர் யார் என்பதே. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒளிப்படத்தையும் ஒரு படைப்பாகக் கருதி, படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள்வரை காக்கிறது. படத்தில் இருப்பவர் என்பதாலேயே பாடகர் அதன் உரிமையாளராகிவிடுவதில்லை. ஆகவே கொட்டாஞ்சேனையிலோ ஒருகொடவத்தையிலோ பழைய கசட் உறையொன்றை ஸ்கேன் செய்து பதிவேற்றுவதற்கு, பாடகரின் குடும்பம் மனமுவந்து சம்மதித்தாலும் போதாது.

அதே சட்டம் விமர்சனம், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறதே என்பர். உண்மைதான், ஆனால் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகம் அதை ஏற்பதில்லை. வணிக நோக்கில்கூட எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடந்தரும் உரிமமே அங்கு வேண்டும். 'கலைக்களஞ்சியத்துக்கு மட்டும்' என்ற அனுமதி செல்லாது. ஆங்கில விக்கிப்பீடியா, 2018இல் மறைந்த பாடகர் 'சிலோன்' மனோகர் போன்றோருக்கு, கட்டற்ற படம் கிடைக்காவிடில் சிறிய அளவிலான படத்துக்கு விதிவிலக்குத் தரும். வாழும் கலைஞருக்கு அநேகமாகத் தராது, புதிதாக எடுக்க முடியும் என்பதால். இது கடுமையாகத் தோன்றினாலும் சரியே: ஒளிப்படக் கலைஞரும் உழைப்பாளிதான். பொலிவான விளம்பரப் படத்தைவிட, வெள்ளவத்தைக் கச்சேரியில் ரசிகர் எடுத்து உரிமத்துடன் வழங்கிய மங்கலான படமே மேல். அத்தகைய படங்களை எடுத்தோர், வணிகப் பயன்பாட்டையும் மாற்றத்தையும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவற்றை வெளியிட முன்வர வேண்டும்.