பரிசுப் பட்டியலில் இல்லாத பெயர்கள்



கல்வியாண்டு முடியும் தறுவாயில் பாளையங்கோட்டையில் ஏதேனும் ஒரு கல்லூரித் திடலில் பந்தல் எழாத நாள் அரிது. கல்லூரி நாள், விடுதி நாள், பரிசளிப்பு விழா என்று பெயர்கள் பல, நிகழ்முறை ஒன்றே. முதல்வர் ஆண்டறிக்கை படிப்பார். பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றோரின் பெயர்கள் ஒலிக்கும்; கையொலி எழும். இந்த விழாவை நான் குறைகூற வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய மேடைகளில் பெயர் படித்தவன் நான். ஆனால் ஒரு கல்விக்கூடத்தின் சாதனை என்று எதனை எண்ண வேண்டும் என்ற கேள்விக்கு இவ்வூரின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது. அதனையே இன்று சொல்ல விழைகிறேன்.

தாமிரபரணியின் ஒரு கரையில் திருநெல்வேலி. மறு கரையில் பாளையங்கோட்டை. ஒரு காலத்தில் படகுத்துறையில் காத்திருந்துதான் ஆற்றைக் கடக்க வேண்டும். அரசுப் பணியிலிருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் அமைத்தார். 1843-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதன்பின் எழுந்த கல்விக்கூடங்கள் பல. 1861-இல் பள்ளியாகத் தோன்றி 1878-இல் கல்லூரியான இந்துக் கல்லூரி, 1878-இல் தோன்றிய தூய யோவான் கல்லூரி, 1923-இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரி ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். இந்துக் கல்லூரிப் பள்ளியில் பாரதியார் பயின்றார். கல்லூரியில் புதுமைப்பித்தன் 1931-இல் பட்டம் பெற்றார். சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளையும் இங்கே கற்றவரே. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று இவ்வூரைப் புகழ்வோர் இப்பெயர்களையே அடுக்குவர். புகழ்ச்சி தகும். எனினும் என் மனம் வேறோரிடத்தில் நிற்கிறது.

சாராள் தக்கர் என்னும் ஆங்கிலப் பெண்மணி இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. அவருடைய தமையனார் சென்னையில் சமயப் பணி செய்தவர். அவர் வழியாக இந்நாட்டுப் பெண்களின் நிலையை அறிந்து, அவர்தம் கல்வியில் அக்கறை கொண்டார் அவ்வம்மையார். அவர் பெயரால் பாளையங்கோட்டையில் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றும் நிறுவனம் ஒன்று உருவாகியது. அங்கிருந்தே 1895-இல் பெண்கள் கல்லூரி கிளைத்தது. சென்னையில் இராணி மேரி கல்லூரி தொடங்கியது 1914-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இச்சிறு நகரம் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

அந்த நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்க்வித் அம்மையார், 1890-இல் கண் தெரியாத ஒரு சிறுவனுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். கண் தெரியாதவர்க்குப் பாட்டும் கைவேலையும் போதும், படிப்பெதற்கு என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. இந்தியாவில் அதற்கு முன் அமிர்தசரஸில் 1887-இல் தொடங்கிய பள்ளி ஒன்றையே முன்னோடியாகச் சொல்வர். ஒரு சிறுவனோடு தொடங்கிய அந்த முயற்சி பள்ளியாக வளர்ந்தது. சில ஆண்டுகளில் சுவெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காக மற்றொரு பள்ளியை எழுப்பினார். இவ்விரு பள்ளிகளும் தோன்றியபோது பந்தலும் இல்லை, பரிசும் இல்லை. ஆசிரியைகளைப் பயிற்றுவதற்காகக் கூடிய ஒரு சிறு கூட்டம், தன் வாயிலில் நின்ற குழந்தையைத் திருப்பி அனுப்ப மனமின்றிச் செய்த காரியம் அது.

அக்குழந்தைகள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தும் ஒரு மாணவனின் கொடை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. லூயி பிரெயில் 1809-இல் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தையின் தோல் பட்டறையில் விளையாடும்போது ஊசி பாய்ந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். பத்து வயதில் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். பார்பியே என்பவர் வகுத்த பன்னிரு புள்ளி முறை அப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு புள்ளிகளை ஒரு விரல்நுனியால் ஒரே தொடுகையில் உணர இயலாது என்று கண்ட இளைஞர், அதனை ஆறாகச் சுருக்கினார். 1824-இல் முறை ஒழுங்கானபோது அவருக்கு வயது பதினைந்து!

இதைவிட நான் வியப்பது வேறொன்று. 1840-ஐ அடுத்த ஆண்டுகளில் அப்பள்ளியின் தலைவரே ஆறு புள்ளி எழுத்தைத் தடைசெய்தார். தலைமையாசிரியர்கள் தவறுவதும் உண்டு. அக்குலத்தைச் சேர்ந்தவனாகிய நான் இதனை ஒப்புக்கொள்கிறேன். மாணவர்களோ விடவில்லை. ஒருவருக்கொருவர் மறைவாகக் கற்பித்து அதனைக் காத்தனர். 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில், கூட்டத்தின் முன் ஒரு குழந்தை சொல்லக் கேட்டு எழுத, வெளியே நிறுத்தியிருந்த மற்றொரு குழந்தை உள்ளே வந்து விரலால் தடவி அதனைப் படித்துக் காட்டியது. பிரெயில் 1852-இல் மறைந்தார். பள்ளி அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றது 1854-இல். அந்த இடைக்காலத்தில் அதனை உயிரோடு வைத்திருந்தவர்கள் உடன் பயின்ற மாணவர்களே. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களை நாம் அறியோம். அந்த ஆறு புள்ளிகளைக் கொண்டே இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வகுக்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும்.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் பார்வையற்ற மாணவர் ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து படித்தார். பிரெயில் நூல்கள் எல்லாப் பாடங்களுக்கும் கிடைக்கவில்லை. வகுப்புத் தோழர் இருவர் நண்பகல் உணவுக்குப் பின் வேப்பமரத்தடியில் அமர்ந்து அவருக்குப் பாடங்களை வாசித்துக் காட்டுவார்கள். வரலாற்றுப் பாடத்தை மூன்று முறை, கணக்கை ஐந்து முறை என்று வாசித்ததை நானே கண்டிருக்கிறேன். அவ்வாண்டுத் தேர்வில் அம்மாணவர் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். விழாவில் அவர் பெயரைப் பெருமையோடு படித்தேன். கையொலி நெடுநேரம் ஓயவில்லை.

மறுநாள் அவர் என் அறைக்கு வந்தார். “சார், அவங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் படிச்சிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு விடை தோன்றவில்லை. அவ்விருவருள் ஒருவர் அவ்வாண்டு கணக்கில் தேர்ச்சி பெறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஐந்து முறை கணக்கை வாசித்துக் காட்டியவரே அவர்!

அடுத்த ஆண்டு விழாவில் உடன் வாசித்தோர் என்று ஒரு தலைப்பிட்டு அப்பெயர்களையும் படித்து, ஆளுக்கொரு நூல் பரிசாக வைத்தேன். கணக்கில் தவறியவரின் பெயரைக் கூப்பிட்டபோது மேடைக்கு வர ஆள் இல்லை. அவர் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையோடு வாழைத்தோட்ட வேலைக்குச் சென்று ஆறு மாதமாகியிருந்தது. பார்வையற்ற மாணவரே எழுந்து, தோழர் ஒருவரின் தோளைப் பற்றிக்கொண்டு மேடையேறி அந்நூலை வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேரன்மாதேவிக்கு அப்பாலுள்ள அவ்வூருக்குப் பேருந்தில் சென்று, அதனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.