கோலி நாயும் மூளையின் காவலும்

ஒரு நாய்க்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மருந்துகள் கொடுக்க நேர்ந்தால், தனித்தனியே தீங்கற்றவை சேர்ந்தாலும் தீங்கற்றவையே என்று நாம் எண்ணிவிடுகிறோம். இது எத்துணை தவறு என்பதை விளக்கும் வரலாறு ஓர் ஒட்டுண்ணி மருந்திலிருந்து தொடங்குகிறது.

ஐவர்மெக்டின் என்னும் அம்மருந்து 1981இல் கால்நடைகளுக்காக விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய மண்ணில் சதோஷி ஒமுரா கண்டெடுத்த நுண்ணுயிரைக் கொண்டு, அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பல் குழுவினர் உருவாக்கியது. (இருவரும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.) புழுவின் நரம்பில் குளோரைடு அயனிகள் நுழையும் வாயில்களை இது திறந்துவிட, நரம்பு அடங்கிப் புழு செயலிழக்கிறது. நாயின் மூளையிலும் இத்தகைய வாயில்கள் உண்டு. எனினும் நாய்க்குத் தீங்கில்லை. மருந்து அதன் மூளையை எட்டுவதில்லை.

ஆனால் ஸ்காட்லாந்தின் மேய்ப்பு நாயான கோலியின் கதை வேறு. பிற நாய்கள் தாங்கிய அளவிலேயே கோலிகள் பல தள்ளாடின, பார்வை இழந்தன, நினைவிழந்து இறந்தவையும் உண்டு. வெள்ளைக் கால் நாய்க்கு இம்மருந்து வேண்டாம் என்று மருத்துவர்களிடையே ஒரு வழக்கே தோன்றிவிட்டது. காரணந்தான் விளங்கவில்லை.

விடை நாய்களிடமிருந்து வரவில்லை. ஆம்ஸ்டர்டாமின் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ஆல்பிரட் ஷிங்கெல் குழுவினர், ஒரு மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை வளர்த்து வந்தனர். அவற்றைச் சொறிப்பூச்சி தாக்கவே, ஐவர்மெக்டினைத் தெளித்தார்கள். சாதாரண எலிகள் பிழைத்தன. மரபணு இல்லாதவை மடிந்தன! 1994இல் வெளியான அவர்களது ஆய்வு, அந்த எலிகள் இம்மருந்தால் ஏறக்குறைய நூறு மடங்கு எளிதில் பாதிக்கப்படுவதைக் காட்டிற்று. நீக்கப்பட்ட மரபணு, பி-கிளைக்கோபுரதம் என்ற ஓர் இறைப்பானை ஆக்குவது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் அமர்ந்து, உள்ளே நுழையும் மருந்தை மீண்டும் இரத்தத்துக்கே தள்ளுவது அதன் வேலை. நீங்கள் படித்த விரவல் விதிப்படி, பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்லும். இங்கு நடப்பது அதற்கு எதிர்த்திசைப் பயணம். கிணற்று நீரை மேலே இறைப்பதுபோல் ஆற்றல் செலவின்றி நடவாது. இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கத்ரீனா மீலி குழுவினர், பாதிக்கப்பட்ட கோலிகளில் இதே மரபணுவின் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தனர். இன்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்தே இதைச் சோதித்துவிடலாம்.

நம் நாய் கோலி அல்லவே என்று நீங்கள் நிம்மதி அடையலாம். பொறுங்கள். இறைப்பான் பிறவியிலேயே பழுதாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு மருந்தும் அதை முடக்கலாம். பூஞ்சை நோய்க்குத் தரும் கீட்டோகோனசோல் அத்தகையது. தெள்ளுப்பூச்சிக்கான ஸ்பைனோசாடு மாத்திரையும் அவ்வாறே. இதயப்புழுவைத் தடுக்க ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், மாதம் ஒருமுறை போதும். அந்தச் சிறிய அளவு கோலிக்கும் தீங்கு செய்வதில்லை. கடுமையான சொறிக்கோ 300 முதல் 600 மைக்ரோகிராம் வரை நாள்தோறும் தருகிறார்கள். இத்துடன் ஸ்பைனோசாடும் சேர்ந்தபோது, மரபணுக் குறையில்லாத நாய்களும் கோலிகளைப்போல் தள்ளாடின.

தெள்ளுப்பூச்சி மாத்திரையை மருந்தென்றே கருதாமல், மருத்துவரிடம் சொல்லாது விடுகிறவர்கள் உண்டு. போன வாரம் கொடுத்ததுதானே என்பார்கள். ஆனால் ஸ்பைனோசாடு நாயின் உடலில் பல நாட்கள் தங்கியிருக்கிறது.