பள்ளிக்குள் ஒரு பட்டறை

1978-ல் தமிழ்நாட்டில் கல்லூரிகளின் புகுமுக வகுப்பு எடுக்கப்பட்டு, பள்ளிகளுக்குள் பிளஸ் டூ வந்தது. அதோடு சேர்ந்து தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. 1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை தொடங்கியது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் அங்கிருந்து சாலைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்துவிட்டது. ஆக, அன்றைய தருமபுரி மாவட்டத்தின் இந்த எல்லை மூலையில், தொழில் சொல்லித்தர வேண்டிய பள்ளியும் தொழில் தெரிந்த ஆள் தேடிய ஆலையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தன. இதே மூலையில் இருக்கும் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போகவில்லை. காரணம் கேட்டால், நம் பெற்றோருக்கு டாக்டர், இன்ஜினியர் மோகம், கையில் கிரீஸ் படுவதை யாரும் விரும்புவதில்லை என்பார்கள். அந்தப் பதில் பழியைக் குடும்பங்களின் மேல் போட்டுவிட்டு, திட்டம் போட்டவர்களைத் தப்பவிடுகிறது. கடந்த காலத்தைப் புரட்டினால் வேறொன்று தெரியும்: பள்ளிக்குள் தொழிற்பிரிவு வைத்தபோதெல்லாம் அதிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழியையும் ஆலைக்குப் போகும் வழியையும் குறுக்கியே வைத்தார்கள். வழி இல்லாத இடத்தைப் பெற்றோர் தவிர்த்தார்கள் என்றால், அது மோகம் அல்ல, கணக்கு.

இந்தக் கதை 1978-ல் தொடங்கவும் இல்லை. 1882-ல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவே, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது: ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு, மற்றொன்று வணிகத்துக்கும் நடைமுறை வேலைகளுக்கும். மாணவர்கள் முதல் பிரிவிலேயே குவிந்தார்கள். சர்க்கார் உத்தியோகத்துக்குக் கேட்ட சான்றிதழ் அந்த நுழைவுத் தேர்வான மெட்ரிகுலேஷன்தான் என்னும்போது வேறென்ன நடக்கும்? சுதந்திரத்துக்குப் பின் 1952-53-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான குழு, பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. பொறியியல், வேளாண்மை, வணிகம், மனையியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்பது அதன் எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் படித்து முடித்தவனை எந்த ஆலை எந்தச் சம்பளத்தில் எடுக்கும், மேலே படிக்க நினைத்தால் எங்கே சேரலாம் என்ற கேள்விகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பதில் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் பள்ளித் தொழிற்கல்வி என்றதும் எழும் அச்சத்துக்கும் இந்த மண்ணோடு தொடர்பு உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1953-ல் முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்றே அழைத்து எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. 2024-ல் கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தபோதும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனைதான் முதல் ஆட்சேபம். பள்ளியில் தொழில் சொல்லித்தருவதும் இதே குலக்கல்வியின் மறுவடிவம்தானே என்று கேட்பவர்களை எளிதில் ஒதுக்க முடியாது. வேறுபாடு ஒன்று உண்டு. 1953-ன் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பி அப்பனின் தொழிலில் விட்டது. பள்ளிக்குள் இருக்கும் பட்டறை அப்பனுக்குத் தெரியாத தொழிலைக் கொடுக்க முடியும். அஞ்செட்டியில் ராகி விதைப்பவரின் மகள் மின்னணுவியல் படிப்பது எந்தக் குலத் தொழில்? ஆனால் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் அந்தப் பட்டறைக்குத் தள்ளினால், குலம் பெயரை மாற்றிக்கொண்டு மதிப்பெண் பட்டியல் வழியே திரும்பி வந்துவிடும். எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைகிறது என்பது நாம் அறியாததல்ல.

1978-ல் இதைத் தவிர்க்கும் வழி கையிலேயே இருந்தது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா, மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவுக்கு அந்த ஆண்டு தலைமை வகித்தார். பொதுக் கல்வி, தொழிற்கல்வி என்று சுவர் எழுப்பாமல், மாணவர் இரண்டிலிருந்தும் பாடங்களைத் தேர்ந்துகொண்டு இங்குமங்கும் நகர இடம் வேண்டும் என்று அந்தக் குழு வலியுறுத்தியது. நடைமுறையில் எழும்பியதோ சுவர்தான். பொது இயந்திரவியல் பிரிவின் பட்டறையை நினைத்துப் பாருங்கள்: பெஞ்சில் பொருத்திய வைஸ், அதில் பிடித்த ஒரு இரும்புத் தகடு, அரத்தால் ராவி ராவி அதை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி அரம். அளவு, பொறுமை, கண்ணின் நேர்த்தி எல்லாம் கூடி வரும் நல்ல பாடம் அது. ஆனால் அதைச் சொல்லித்தந்த பயிற்றுநர்கள் பலர் பகுதி நேரமாக எடுக்கப்பட்டு, காத்திருந்து காத்திருந்து முறைப்படுத்தப்பட்டவர்கள். பக்கத்து அறையில் கணக்கு எடுத்த ஆசிரியருக்கும் இந்தப் பட்டறைக்கும் சம்பந்தமே இல்லை. கோண அளவை அங்கே கரும்பலகையிலும் இங்கே இரும்பிலும் தனித்தனியே படித்தார்கள். லேத் வாங்க முடியாத பள்ளிகளில் தட்டச்சும் கணக்குப்பதிவியலும் போதுமென்று ஆயிற்று. ஊருக்கு எது தேவை என்பதைவிட எது மலிவு என்பதே பிரிவைத் தீர்மானித்தது. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினரைத் தொழிற்பிரிவில் சேர்க்க இலக்கு வைத்தது. நாடு அதன் அருகில்கூடப் போகவில்லை.

ஆலைகளின் பக்கம் என்ன நடந்தது? டைட்டன் இங்கே காலூன்றியபோது, அனுபவசாலிகளைத் தேடாமல் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்தது. கைவிரல் நுட்பமும் கற்கும் திறனும் இருந்தால் போதும், கடிகாரம் கோக்க நாங்கள் சொல்லித்தருகிறோம் என்பது அதன் நிலை. மற்ற ஆலைகள் ஐ.டி.ஐ. சான்றிதழையும் டிப்ளமோவையும் கேட்டன. பிளஸ் டூ தொழிற்பிரிவுக்கு என்று ஒரு கதவைச் சட்டம் திறக்கத்தான் செய்தது: 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் 1986-ல் திருத்தப்பட்டு, அந்த மாணவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்க வழி வந்தது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் அவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் ஐ.டி.ஐ. ஒரு துறையின் கீழ், பள்ளி இன்னொரு துறையின் கீழ். ஆலை கேட்டுப் பழகிய சான்றிதழ் முதல் துறையுடையது. பள்ளிப் பட்டறையில் அரம் பிடித்தவனும் ஐ.டி.ஐ.யில் அரம் பிடித்தவனும் ஒரே வேலைக்கு வந்து நின்றால், யாரை எடுப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இதை வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்கு அமெரிக்காவில் சான்று உண்டு. 1969-ல் பிலடெல்பியாவின் எடிசன் உயர்நிலைப் பள்ளியில் மின்தொழிலை மையமாக வைத்து ஒரு சிறு பிரிவு தொடங்கியது. பள்ளிக்குள் ஒரு குட்டிப் பள்ளி அது: ஒரே மாணவர் குழு, ஆண்டுதோறும் கூடவே வரும் ஒரே ஆசிரியர் குழு, மொழியும் கணக்கும் தொழிலோடு இணைந்த பாடம், ஊர் நிறுவனங்களுடன் உடன்பாடு. பின்னாளில் இத்தகைய பிரிவுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளில் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நெடுநாள் பின்தொடர்ந்தது. பள்ளி முடித்த எட்டு ஆண்டுகளில், இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. கல்லூரிப் படிப்பில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசிச் செய்திதான்: தொழில் கற்றதால் யாருடைய பட்டமும் பறிபோகவில்லை. அமெரிக்கப் பள்ளியை அப்படியே தூக்கி வந்து கெலமங்கலத்தில் நட முடியாது. ஆனால் இரண்டு வழியையும் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கறாரான சோதனை குறைவு.

எதிர்வாதங்கள் இரண்டு மிச்சம் இருக்கின்றன. ஒன்று, இன்றைய ஆலைக்குப் பள்ளிப் பட்டறையே வேண்டாம் என்பது. இதே பகுதியில் நாகமங்கலம் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. பணியாளர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துச் சில வாரப் பயிற்சியில் வேலையில் அமர்த்த முடிகிறது. பள்ளியில் வாங்கி வைக்கும் இயந்திரமோ நாலு வருஷத்தில் பழசாகிவிடும். உண்மைதான். அதனால்தான் பள்ளி ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை ஓட்டச் சொல்லித்தரக் கூடாது. அளவெடுத்தல், வரைபடம் வாசித்தல், மின்சுற்றில் பிழை கண்டுபிடித்தல் ஆகியவை லேத் போய் சி.என்.சி. வந்த பின்னும் பழசாகவில்லை. சில வாரப் பயிற்சி ஆபரேட்டரை உருவாக்கும். அந்த ஆபரேட்டர் டெக்னீஷியனாக, சூப்பர்வைசராக மேலேற வேண்டுமானால் இந்த அடிப்படை வேண்டும். இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது: சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் டிரெய்னி என்ற பெயரில் பிள்ளைகளை எடுத்து, முழு வேலையும் வாங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிடும் பழக்கம் தெரிந்ததே, பள்ளி அதற்கு ஆள்பிடிக்கும் இடமாகிவிடாதா? ஆகிவிடும், உடன்பாடு வாய்வார்த்தையாக இருந்தால். பயிற்சிக் காலம், உதவித்தொகை, இரவு ஷிப்ட் இல்லை என்ற உறுதி, முடிவில் தரும் சான்றிதழ் ஆகியவை எழுத்தில் இருந்து, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் அதைக் கேள்வி கேட்க முடிந்தால், அதே உடன்பாடு பிள்ளைக்குக் காப்பாகும். பள்ளி ஒதுங்கிக்கொள்வதால் டிரெய்னி முறை நின்றுவிடவில்லை. பிள்ளைகள் தனித்தனியே ஏஜென்ட் கையில் போய்ச் சேருகிறார்கள், அவ்வளவுதான்.

இன்று சூழல் 1978-ஐவிடச் சாதகமானது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பள்ளியிலேயே மேற்படிப்பு வழிகாட்டலைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், கலைக் கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மட்டுமல்லாமல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்பவருக்கும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தொடங்கிய 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்திருக்கிறது. கல்லூரிக்கான வழி ஓரளவு திறந்துவிட்டது. ஆலைக்கான வழியைத்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும். தேன்கனிக்கோட்டைக்குத் தேவைப்படும் பிரிவுகள் எவை என்பதும் கண்ணுக்கு முன்னே இருக்கிறது: ஒரு பக்கம் மின்னணுவும் வாகன உதிரிபாகமும், மறுபக்கம் தளியின் பசுமைக்குடில் ரோஜாவும் கொய்மலர் மகத்துவ மையமும். வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் நிறைந்த வகுப்புகள் இவை என்பதால், தமிழில் தெளிவாக எழுதிய பட்டறைக் கையேடும் அவசியம். இப்படி ஒரு பிரிவு தொடங்கினால், அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், முதல் மாதம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பவற்றை வைத்து அதை எடைபோடக் கூடாது. அந்த எண்களை எந்த ஏஜென்டும் காட்டிவிடுவான். நூற்று நாற்பது ஆண்டு வரலாறு கேட்கும் கணக்கு வேறு. நன்றாக மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் பெற்றோரும் அந்தப் பிரிவை விரும்பிக் கேட்கிறார்களா? அதில் படித்த பெண், முடித்த ஐந்தாம் ஆண்டில், வேலைக்குச் சேர்ந்த இடத்திலேயே நிற்கிறாளா, மேலே ஏறியிருக்கிறாளா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாத தொழிற்பிரிவு, எவ்வளவு புது இயந்திரம் வைத்திருந்தாலும், 1978-ல் கட்டிய அதே சுவர்தான்.